பாட்டி வளர்க்கும் பிள்ளைகள்: மாத்திரை, பணம், பத்திரம்

பாட்டிகளுக்கு உதவுவோருக்கு ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகளிலிருந்து சில குறிப்புகள்.

மலாவியிலிருந்து:
எய்ட்ஸில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இருப்பது விடுதியில் அல்ல, உறவினர் வீட்டில்; பலர் பாட்டியிடம். பிள்ளைக்கும் ஹெச்ஐவி இருந்தால் முதலில் எடையைப் பாருங்கள். ஹெச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிர் 10 மி.கி. கரையும் மாத்திரை 3 கிலோவிலிருந்து தினம் அரை. 6 கிலோ தொட்டால் ஒன்றரை, 10 தொட்டால் இரண்டு, 14 தொட்டால் இரண்டரை. 20 தொட்டால் 50 மி.கி. மாத்திரை ஒன்று. கூடவே கொடுக்கும் அபாகாவிர்–லாமிவுடின் தனி டப்பாவில் வந்தால், அதற்கும் எடைக் கணக்கு உண்டு. மூன்று மாத மருந்தை மொத்தமாக வாங்கிப் போனபின் பிள்ளை 6 கிலோ தாண்டியது யாருக்கும் தெரியாது. தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஆகவே இடையில் ஒருமுறை தராசோடு வீட்டுக்குப் போகவேண்டும்.

எழுத்து தெரியாத பாட்டிக்கு, ஒன்றரை மாத்திரை என்றால் டப்பா மூடியில் ஒரு முழு வட்டமும் ஒரு அரை வட்டமும் வரைந்து கொடுங்கள். இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து அரை மணிக்குள் கொடுக்கவேண்டும். அடியில் தங்கும் வண்டலை இன்னொரு ஸ்பூன் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்க வைக்கவேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடினால் டோலுடெக்ராவிர் அதே அளவு காலை, மாலை இரண்டு வேளை. இதை கிளினிக்கில் நினைவூட்டிக் கேளுங்கள்.

கென்யாவிலிருந்து:
இங்கே அரசு உதவித்தொகை மாதம் 2,000 ஷில்லிங். தலைக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரு பிள்ளை என்றாலும் ஐந்து என்றாலும் அதே தொகை. பணம் வாங்கப் போன இடத்தில், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் பாட்டிகள் வெறுங்கையோடு திரும்பியதுண்டு. பதிவின்போதே பணம் வாங்க இன்னொரு ஆளையும் எழுதி வையுங்கள். வீட்டில் மரணம் நடந்தால் அடக்கத்துக்கு முன்பே அசிஸ்டென்ட் சீஃபிடம் (உள்ளூர் அரசு நிர்வாகி) பதியவேண்டும். இறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் தகப்பன் நிலத்தைப் பிள்ளை பெயருக்கு மாற்றமுடியாது. சித்தப்பன்மார் அதற்குள் உழுதுவிடுவார்கள்.

உகாண்டாவிலிருந்து:
நிலம் என்றதும் ஒன்று. 1990களின் பிற்பகுதியில் நாக்வோலா (ஹெச்ஐவியோடு வாழும் பெண்களின் அமைப்பு) பெண்கள் பரப்பிய நினைவுப் புத்தகம் வெறும் பாசக் குறிப்பல்ல. குலம், உறவினர் பெயர், பிள்ளையை யார் ஏற்கப்போகிறார் என்பதையெல்லாம் தாய் உயிரோடிருக்கும்போதே அதில் எழுதலாம். நில எல்லையையும் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைப்பது நல்லது. ஏற்கப்போகிறவரிடம் முன்கூட்டிக் கேட்காமல் பெயரை எழுதாதீர்கள்.

மீண்டும் மலாவி:
பிள்ளையிடம் நோயைப் பற்றி எப்போது சொல்வது என்று கேட்கிறார்கள். பள்ளி வயதில், 6 முதல் 12க்குள், சொல்லிவிடவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டுதல். "உடம்புக்குள்ளே ஒரு பூச்சி தூங்குது, மாத்திரையை விட்டா முழிச்சுக்கும்" என்று தொடங்கலாம், பெயரைப் பிறகு சொல்லலாம். இருமல் மருந்து என்று மழுப்பினால், இருமல் இல்லாத நாளில் பிள்ளை மாத்திரையைத் துப்பிவிடும்.