தோஹாவிலிருந்து தம்பியின் ரோப்லாக்ஸ் கணக்கைக் கவனிப்பது எப்படி?

கேள்வி: பத்து வயதுத் தம்பி திருநெல்வேலியில் அம்மாவுடன் இருக்கிறான். நான் தோஹாவில். வேலை முடிந்து ஏழு மணிக்கு அழைத்தால் அங்கே ஒன்பதரை. அம்மா கைப்பேசியைத் திருப்பிக் காட்டினால், போர்வைக்குள் திரை வெளிச்சத்தில் அவன் மூக்கு மட்டும் தெரிகிறது. ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் முகம் தெரியாதவர்கள் அவனோடு அரட்டையடிப்பதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பதில் 1: 2024 நவம்பர் முதல் பெற்றோர் தம் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, தொலைவிலிருந்தே நேர வரம்பும் செலவு வரம்பும் வைக்கலாம். அடையாள அட்டையோ கடன் அட்டையோ வேண்டும். முதலில் அவன் கணக்கில் பிறந்த ஆண்டு சரியா என்று பாருங்கள்.

பதில் 2: அண்ணா, அம்மாவின் பெயரிலேயே இணையுங்கள். அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் சொல்லாமல் பூட்டினேன். என் தங்கை இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

கேட்டவர்: பார்த்தேன், 2001 என்று இருக்கிறது. அது என் பிறந்த ஆண்டு! வெள்ளிக்கிழமை விடுமுறை, வீடியோ அழைப்பில் அவனோடு சேர்ந்தே திருத்துகிறேன்.