அகலமான ஆக்சில் மாற்றப் போகிறேன், செய்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் வண்டியில் பாறை ஏறும்போது பின்பக்க ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உடைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட் முனையிலுள்ள ஸ்ப்லைன் பற்கள் கயிறு திரித்தது போல முறுக்கிக் கிடக்கின்றன. 27 ஸ்ப்லைன், சி-கிளிப் வகை (ஷாஃப்ட் வெளியே வராமல் உள்ளே ஒரு சி வடிவ கிளிப்தான் பிடித்திருக்கும்), அதில் 35 இஞ்ச் டயர் போட்டு ஓட்டினேன், தாங்கவில்லை. சி-கிளிப் என்பதால் உடைந்த ஷாஃப்டோடு சக்கரமும் வெளியே நகர்ந்து வந்துவிட்டது, வேகமாகப் போகும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் மனசு பதறுகிறது.

அதனால் ஜீப் ராங்ளர் ஜேகே ரூபிகானில் வரும், இதைவிட வலுவான டேனா 44 ஆக்சில்களை முன்னும் பின்னும் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பின்பக்கம் 32 ஸ்ப்லைன், அகலம் ஏறக்குறைய 65 இஞ்ச், என்னுடையதைவிட 5 இஞ்ச் அதிகம். சரிவில் வண்டி சாயாமல் நிற்க அந்த அகலம் உதவும். வீல் போல்ட் அளவு 5x4.5-லிருந்து (4.5 இஞ்ச் வட்டத்தில் 5 போல்ட்) 5x5 ஆகிறது, ரிம் புதிதாக வாங்கிக்கொள்கிறேன், அது பிரச்சினை இல்லை.

குழப்பம் வெல்டிங்கில்தான். ஆக்சிலைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பழைய பிராக்கெட்டுகளை அறுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது ஆக்சில் குழாய் சூட்டில் வளையாமல் இருக்க எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும்? பினியன் கோணத்தை (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் முகப்பின் சாய்வு) வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு பார்த்துத்தான் பற்றவைக்க வேண்டுமா? அப்புறம், என் கியர் விகிதம் 3.73, வரப்போவது 4.10. பின்பக்கத்தை மட்டும் முதலில் மாற்றினால் முன் பின் விகிதம் ஒத்துப்போகாமல் ஃபோர் வீல் போடவே முடியாது, ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். இதைத் தனி ஆளாகச் செய்தவர்கள் எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) மாற்ற வேண்டி வந்ததா?