புகாருக்கு உள்ளான மேனேஜரே அப்ரைசல் போடலாமா?

வேப்பமரம்: பாலியல் தொல்லைப் புகார் உள்புகார்க் குழுவின் விசாரணையில் இருக்கிறது. அதற்குள் அப்ரைசல் (பணி மதிப்பீடு) வந்துவிட்டது. புகார் கொடுத்த பெண்ணுக்கு ரேட்டிங் போட வேண்டியவர் அதே மேனேஜர். தடுக்க வழி உண்டா?

கோப்புக்கட்டு: உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தின் 12ஆம் பிரிவு, அதன் விதிகளில் விதி 8. புகார் கொடுத்த பெண்ணின் பணியை மதிப்பிடுவதிலிருந்து அந்த மேனேஜரை விலக்கி வேறு அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லிக் குழு பரிந்துரைக்கலாம். ஆனால் அந்தப் பெண் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வாய்ச்சொல்லைக் குழு கணக்கில் எடுக்காது. "விசாரணை முடியும்வரை என் மதிப்பீட்டை வேறு அதிகாரி எழுத வேண்டும்" என்று இரண்டு வரி, தேதியோடு, குழுத் தலைவருக்கு. போதும்.

நீலக்கல்: ஹெச்ஆருக்கு மட்டும் மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பரிந்துரைப்பது குழு, நிறைவேற்றுவது நிறுவனம். இடமாற்றமும் கேட்கலாம், பெரும்பாலும் அந்தப் பெண்ணைத்தான் நகர்த்துவார்கள், மேனேஜரையும் மாற்றலாம் என்பதை மறந்துவிட்டு! மூன்று மாதம்வரை விடுப்பும் உண்டு, சொந்த விடுப்புக் கணக்கில் கழியாது.

வேப்பமரம்: ரேட்டிங் ஏற்கெனவே சிஸ்டத்தில் ஏறிவிட்டால்?

கோப்புக்கட்டு: ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முந்தைய ஆண்டுகளின் ரேட்டிங்கோடு சேர்த்துக் குழுவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பாலியல் தொல்லையோடு தொடர்புபடுத்தி வேலையில் பாதகம் செய்வதாக மிரட்டியிருந்தால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் அதுவும் பாலியல் தொல்லைக்குள் வரலாம்.