ஏஐ பாட்களைத் தடுத்தால் செய்தித் தளத்துக்கு வாசகர்கள் திரும்பி வருவார்களா?

கரிசல்காரி:
நாலு பேர் சேர்ந்து மாவட்டச் செய்திகளுக்காக ஒரு தமிழ்த் தளம் நடத்துகிறோம். தேடல் வழியாக வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், குறிப்பாகப் பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை மாதிரியான கட்டுரைகளுக்கு. பக்கத்தின் மேலேயே ஏஐ பதில் வந்துவிட்டால் அப்புறம் யார் உள்ளே வரப்போகிறார்கள்? தளங்களைத் தானாகப் படித்து எடுக்கும் ஏஐ பாட்கள் எல்லாவற்றையும் ரோபாட்ஸ் ஃபைலில் (எந்தப் பாட் வரலாம், எது வரக்கூடாது என்று தளத்தில் எழுதிவைக்கும் கோப்பு) தடுத்துவிடு என்கிறார் ஆசிரியர். இருக்கிறவர்களும் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

வலைத்தச்சன்:
மொத்தமாகத் தடுக்காதீர்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் வேலை வேறு. சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐயின் ஜிபிடிபாட், ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கக் கட்டுரைகளை எடுக்கிறது, அதைத் தாராளமாகத் தடுக்கலாம். ஓஏஐ-சர்ச்பாட்டை விட்டுவையுங்கள், சாட்ஜிபிடி தேடலில் உங்கள் இணைப்பு வர அது வேண்டும். சிக்கல் கூகுளில்தான். ரோபாட்ஸ் ஃபைலில் கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால் கூகுளின் ஏஐயான ஜெமினியின் பயிற்சிக்கு உங்கள் கட்டுரை போகாது, ஆனால் தேடலின் மேலே வரும் சுருக்கத்துக்கு எடுப்பது சாதாரண கூகுள்பாட், அதைத் தடுத்தால் தேடலிலேயே இருக்க மாட்டீர்கள். பக்கத்தின் கோடில் நோஸ்னிப்பெட் என்ற குறியைப் போட்டால் சுருக்கத்தில் வராது, கூடவே தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியும் போய்விடும். படிப்படியாக விளக்குகிற பகுதிக்கு மட்டும், பக்கத்தின் ஒரு பகுதியை மறைக்கும் டேட்டா-நோஸ்னிப்பெட் குறியைப் போட்டுப் பாருங்கள்.

செய்திமேசை:
தடுத்தாலும் பழைய கூட்டம் வராது என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்காவில் 900 பேரின் 2025 மார்ச் மாதத் தேடல்களைப் பியூ ஆய்வு மையம் பார்த்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் வழக்கமான இணைப்பைக் கிளிக் செய்தது 8 சதவீதம், வராதபோது 15. சுருக்கத்துக்குள் இருக்கும் இணைப்பைத் தொட்டது 1 சதவீதம்தான்! பட்டா மாற்றத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் உங்கள் நகராட்சிக் கூட்டத்தில் குடிநீர்க் கட்டண உயர்வை எந்த வார்டு உறுப்பினர் எதிர்த்தார் என்பதை அங்கே போய் உட்கார்ந்தவர்தான் எழுத முடியும். அதை எழுதி வாட்ஸ்அப் சேனலில் போடுங்கள்.

பழையநிருபர்:
சேனலை மட்டும் நம்ப வேண்டாம், அதுவும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுடையதுதான். ஃபேஸ்புக்கை நம்பிய செய்தித் தளங்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள்: 2018இல் செய்திப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்துக் காட்டத் தொடங்கினார்கள், கட்டுரைகளை ஃபேஸ்புக்குக்குள்ளேயே வேகமாகத் திறந்து காட்டிய இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸை 2023இல் மூடினார்கள், அதே வருடம் ஆகஸ்டில் கனடாவில் செய்தி இணைப்புகளையே எடுத்துவிட்டார்கள். சேனலைப் பின்தொடர்பவர்களின் எண்கள்கூட உங்கள் கைக்கு வராது. மின்னஞ்சல் பட்டியல் மெதுவாகத்தான் வளரும், ஆனால் அது உங்களுடையது.

கரிசல்காரி:
மிக்க நன்றி. டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருக்கும், ஏஎன்ஐ செய்தி நிறுவனத்தின் வழக்கு முடியட்டும், அதன் பிறகு முடிவெடுப்போம் என்கிறார் இன்னொரு நண்பர். காத்திருக்கலாமா?

வலைத்தச்சன்:
வேண்டாம். 2024 நவம்பரில் ஓபன்ஏஐ மீது ஏஎன்ஐ போட்ட அந்த வழக்கு, செய்திகளை அனுமதியில்லாமல் பயிற்சிக்கு எடுத்ததைப் பற்றியது. உங்கள் பிரச்சினை தேடல் சுருக்கம், அதற்காகக் கூகுள் மீது பென்ஸ்கி மீடியா என்ற அமெரிக்கப் பதிப்பு நிறுவனம் 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் தனியாக வழக்குப் போட்டிருக்கிறது. இன்னொன்று, ரோபாட்ஸ் ஃபைல் வெறும் வேண்டுகோள்தான், மதிக்காத பாட்களும் உண்டு. மாற்றிய பிறகு சர்வர் லாகை (தளத்துக்கு யார் வந்தார்கள் என்ற பதிவு) பாருங்கள், அப்போதும் வருகிறவற்றைத் தளத்துக்கு முன்னால் காவலாக நிற்கும் க்ளவுட்ஃப்ளேர் சேவையில் தடுக்கலாம், இலவசத் திட்டத்திலேயே அந்த வசதி இருக்கிறது.