புதுப்பிப்பு: தோவாளை பூக்கட்டும் பெண் ஓவியம், வேல்யூ (வெளிச்சம்-இருட்டு அளவு) திருத்தம்

முந்தைய இழையின் கேள்வி இது: தோவாளை பூச்சந்தையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பூக்கட்டும் பெண், வண்ணம் சரிதான், ஆனால் உருவம் பின்னணியோடு ஒட்டிக் கிடக்கிறது. பலர் சொன்ன 'சாச்சுரேஷனை (வண்ணத்தின் அடர்த்தியை) கூட்டுங்க' வேலைக்கு ஆகவில்லை. கோளாறு வேல்யூவில்.

வேல்யூவைப் பார்க்க, படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கும் போட்டோஷாப்பின் டீசாச்சுரேட்டை நம்பாதீர்கள். அதில் முழு மஞ்சளும் முழு நீலமும் ஒரே சாம்பலாக வரும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, கறுப்பு நிரப்பி, பிளெண்டிங் மோடை (லேயர் கீழுள்ளதோடு கலக்கும் விதத்தை) 'கலர்' ஆக்குங்கள். கேந்திப்பூ வெளுப்பாகவும் தார்ப்பாய் இருட்டாகவும் பிரிந்துவிடும். அப்படிப் பார்த்தால் முகமும் பின்னாலுள்ள சாக்கு மூட்டையும் ஒரே 45 சதவீத வெளிச்சம் (0 கறுப்பு, 100 வெள்ளை)! பிறகு எப்படி முகம் எடுபடும்?

இப்போது பின்னணி முழுக்க 20–35க்குள். தோலில் வெயில் படும் இடம் 60, நிழல் 30. நிழல் பக்க விளிம்பு பின்னணியில் கரைந்தால் கரையட்டும், அதுதான் அழகு. 90க்கு மேல் போவது விரலிடுக்கில் இருக்கும் பிச்சிப்பூ மட்டுமே. ஓரத்தில் கண்ணை இழுத்த பிச்சிக் குவியலை 70க்கு இறக்கியாச்சு.

கம்போசிஷனில் (பட அமைப்பில்) பெரிய மாற்றமில்லை. தலையுச்சி தார்ப்பாய் விளிம்பைத் தொட்டு ஆழத்தைக் கெடுத்தது. விளிம்பை மேலே ஏற்றியதும் தீர்ந்தது. வாழைநார் இப்போது கீழ் மூலையிலிருந்து கைக்கு ஓடுகிறது.

இன்னும் பாக்கி, கன்ன நிழலில் தார்ப்பாயின் நீலச் சாயல். அதையும் 'கலர்' மோடு லேயரில் பூசினால் வேல்யூ அசையாது.