முதலில் வயரிங், கேமரா பிறகு

*செவ்வாய்*

நிலா: மெக்கானிக்கல் குழு மறுபடியும் தேதியைத் தள்ளிவிட்டது. நாளை தருவதாகச் சொன்ன ரோபோ இனிச் சனிக்கிழமைதானாம். அடுத்த வெள்ளி ரோபோ போட்டிக்குக் கிளம்ப வேண்டும். வயரிங், கோட், ஓட்டுநர் பயிற்சி எல்லாவற்றையும் எப்படி முடிப்பது மாமா?

மாமா: அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே. ஒரு பிளைவுட் பலகையில் ரோபோவின் மூளையான ரோபோரியோ, ரேடியோ, எந்தத் திசையிலும் திரும்பும் ஸ்வெர்வ் சக்கரம் ஒன்றே ஒன்று ஆகியவற்றைப் பூட்டு. கவின் எழுதிய கோடில் பாதியை அதிலேயே சோதித்துவிடலாம்.

கவின்: சக்கரத்துக்கான கோட் தயார் அப்பா. க்யூஆர் கோடு போன்ற ஏப்ரல்டேக் அட்டையைக் கேமராவால் பார்த்துத் தானாகக் குறிவைக்கும் பகுதியைத் தொடங்கட்டுமா?

நிலா: வேண்டாம். ஓட்டுநர் தொடாமல் ரோபோ தானே ஓடும் தானியங்கி நேரத்தில் அது நேராக நகர்ந்தால் போதும். மற்றது பிறகு.

கவின்: போன வாரமும் இதையே சொன்னாய் அக்கா.

மாமா: நிலா சொல்வதுதான் சரி. ஆட்டத்தின் நடுவே எத்தனை ரோபோக்கள் சிலையாய் நின்றிருக்கின்றன! விசாரித்தால் கேமராவா காரணம்? ஏதோ ஒரு தளர்ந்த வயர்.

அம்மா: சனிக்கிழமை எத்தனை பேருக்குச் சாப்பாடு?

நிலா: எட்டுப் பேர் அம்மா. எலுமிச்சைச் சாதம் போதும்.

அம்மா: கை கழுவிவிட்டு வயரைத் தொடுங்கள்.

மாமா: ரோபோரியோவும் மோட்டார்களும் பேசிக்கொள்ளும் கேன் வயரிங் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு மஞ்சள் வயருக்கும் பச்சை வயருக்கும் இடையே மல்டிமீட்டரை வை. 60 ஓம் காட்ட வேண்டும். இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இணையாக இருப்பதால் பாதி. 120 காட்டினால் நடுவே எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனை இணையவில்லை. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் எங்கோ உரசுகின்றன.

கவின்: காருக்குள் இருக்கும் அதே கேன்தானே?

மாமா: அதேதான். பாஷ் நிறுவனம் 1986இல் நம் டெட்ராய்டில் நடந்த மாநாட்டில்தான் அதை அறிமுகப்படுத்தியது. அலுவலகத்தில் தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

மாமா: இன்னொன்று. மோட்டார்களுக்கு மின்னோட்ட வரம்பு போடு. எட்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் 12 வோல்ட் பேட்டரியின் வோல்டேஜ் சரிந்துவிடும். 6.75 வோல்ட்டுக்குக் கீழே போனால் ‘ரோபோரியோ 2’ மாடல் எல்லா மோட்டார்களையும் நிறுத்திவிடும். ஓட்டுநர் கோடைத் திட்டுவார், கோட் ஒரு பாவமும் அறியாது.

*சனி*

நிலா: 120 காட்டுகிறது மாமா.

மாமா: ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார். தடவிக் கொடுக்காதே, கழன்றால் கழலட்டும் என்று இழு.

நிலா: பின் இடது சக்கரத்தின் பச்சை வயர் கையோடு வந்துவிட்டது. வயர் முனையில் நசுக்கிப் போட்ட கிரிம்ப் செம்பைக் கவ்வாமல் பிளாஸ்டிக் உறையைக் கவ்வியிருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

மாமா: அதே கையால் போட்ட மற்ற கிரிம்ப்புகளையும் மாற்று. சந்தேகம் வந்த பிறகு விட்டுவைக்கக் கூடாது.

நிலா: நான்கை மாற்றினோம். இப்போது 60.2.

கவின்: அப்படியானால் கேமரா?

நிலா: ஞாயிறும் திங்களும் ரோபோ ஓட்டுநர்களுக்கு. செவ்வாய் மாலை உனக்கு, தானியங்கி ஓட்டம் ஐந்து முறை தொடர்ந்து சரியாக வந்தால்.

கவின்: மூன்று முறை.

நிலா: ஐந்து.