மின்வெட்டில் பாதியில் நின்ற ஃபர்ம்வேர்: ரவுட்டரை மீட்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறேன். பழைய ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் உள் மென்பொருளை) நிறுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. மின்வெட்டு அட்டவணையைப் பார்க்காமல் தொடங்கியது என் தவறுதான். இப்போது விளக்கு மட்டும் எரிகிறது. ரவுட்டரின் தொடக்கச் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் முனையை 115200 வேகத்தில் இணைத்துப் பார்த்தும் ஓர் எழுத்துகூட வராததால், ரவுட்டரைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் நிரலே அழிந்திருக்கும் என்று கருதுகிறேன்.

ரவுட்டரின் பலகையில் ஃபர்ம்வேரைச் சேமித்துவைத்திருப்பது 16 மெகாபைட் கொள்ளளவுள்ள வின்பாண்ட் டபிள்யூ25கியூ128 ஃபிளாஷ் சிப். சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ புரோகிராமரையும் சிப்பைப் பற்றும் கவ்வியையும் கொண்டு ஃபிளாஷ்ராம் மென்பொருளால் மூன்று முறை படித்தேன். மூன்று கோப்புகளின் ஷா256 மதிப்புகளும் (உள்ளடக்கம் ஒன்றுதானா என்று சரிபார்க்க உதவுபவை) ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. சிப்பைக் கழற்றாமல் படிக்கும்போது, கவ்வி வழியாகச் செல்லும் மின்சாரம் செயலியையும் எழுப்பிவிட, அதுவும் அதே தடங்களில் பேச முயல்வதே காரணமாக இருக்கலாம். மேலும், என்னிடமுள்ள கறுப்புப் பலகை புரோகிராமரின் தரவுக் கம்பிகளை அளந்தபோது 5 வோல்ட் காட்டியது, சிப்போ 3.3 வோல்ட்டுக்கு உரியது. அதனால் மறுபடியும் இணைக்கத் தயங்குகிறேன்.

செயலியை ரீசெட் நிலையில் பிடித்துவைத்துப் படித்தால் போதுமா, அல்லது சூடான காற்றால் சிப்பைக் கழற்றத்தான் வேண்டுமா? அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு ரவுட்டரின் முழுப் பிரதியை எழுதிவிடலாம்தான். ஆனால் வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் வைஃபை அளவுத்திருத்தத் தரவும் ஒவ்வொரு கருவிக்கும் தனியானவை என்பதால், முதலில் அந்தப் பகுதியையாவது பிழையின்றிப் படித்தெடுக்க விரும்புகிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன். டர்பனில் சூடான காற்றுக் கருவி வைத்திருப்பவர் இருந்தால், ரவுட்டரை நேரில் கொண்டுவரவும் ஆயத்தமாக உள்ளேன்.